பாதி புரிந்த பேச்சு: ‘மிலேச்சம்’ என்ற சொல்லின் வரலாறு

தமிழில் இன்று ‘மிலேச்சன்’ என்றால் அது வசை. ஒழுக்கம் அறியாதவன், அயல்நாட்டான், வேற்றுச் சமயத்தான் என்று காலத்துக்கும் வாய்க்கும் ஏற்ப அதன் பொருள் மாறி வந்திருக்கிறது. ஆனால் வடமொழியில் அச்சொல் பிறந்தபோது அது ஆளைக் குறிக்கவில்லை, பேச்சைக் குறித்தது. பாணினீய மரபின் வினையடிப் பட்டியலான தாதுபாடம் ‘மிலேச்ச்’ என்ற வினைக்குத் ‘தெளிவற்ற ஒலி’ என்று பொருள் தருகிறது. நாம் உளறல், குழறல், பிதற்றல் என்று சொல்லும் வட்டத்தைச் சேர்ந்த சொல் அது. அது எப்படிப் பிறந்தது என்பதற்கு வழக்கமாக ஒரு விளக்கம் சொல்லப்படுகிறது: வேதகால மக்கள் தமக்கு முற்றிலும் அன்னியமான மொழிகளைக் கேட்டார்கள், ஒன்றும் புரியவில்லை, ஆகவே அவற்றை உளறல் என்றார்கள். கிரேக்கரின் ‘பார்பரோஸ்’ என்ற சொல்லையும் உடன் வைத்து, உலகெங்கும் இதுதான் நடந்தது என்பார்கள். கேட்கப் பொருத்தமாக இருக்கிறது. ஆனால் பழைய சான்றுகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தால் அவை இந்த விளக்கத்துக்கு ஒத்துழைக்க மறுக்கின்றன. முழுதும் புரியாத மொழிக்கு உளறல் என்ற பெயர் முதலில் வைக்கப்படவில்லை. பாதி புரிந்த மொழிக்குத்தான், அதாவது தன்னுடையது போலவே ஒலித்து ஓரிரு எழுத்தில் பிசகிய மொழிக்குத்தான், அந்தப் பெயர் வைக்கப்பட்டது என்பதே அச்சான்றுகளிலிருந்து நான் பெறும் முடிவு.

‘மிலேச்ச’ என்ற சொல் ரிக் வேதத்தில் இல்லை. அது முதன்முதலாகத் தலைகாட்டுவது சதபத பிராமணத்தின் மூன்றாம் காண்டத்தில், ஒரு கதையின் நடுவே. தேவர்களும் அசுரர்களும் வாக்குக்காக, அதாவது பேச்சு என்னும் தெய்வத்துக்காகப் போட்டியிடுகிறார்கள். வாக்கு தேவர்கள் பக்கம் போய்விடுகிறது. பேச்சை இழந்த அசுரர்கள் ‘ஹேலவோ ஹேலவோ’ என்று கூவித் தோற்றுப்போகிறார்கள். இப்படிப் புரியாதபடி பேசுவதே மிலேச்சம், ஆகவே அந்தணன் அப்படிப் பேசக்கூடாது, அது அசுரப் பேச்சு என்று நூல் முடிக்கிறது. கதையில் ஒரு முரண் இருக்கிறது. பேச்சை இழந்தவர்கள் எப்படிப் பேசினார்கள்? அவர்கள் கூவியது என்ன என்று பார்த்தால் முரண் இன்னும் கூர்மையாகிறது. உரைகாரர்கள் அதை ‘ஹே அரயோ’ என்பதன் திரிபாகக் கொள்கிறார்கள். ‘அரி’ என்றால் பகைவன். ‘பகைவர்களே, பகைவர்களே’ என்பதுதான் அந்தக் கூவல். ரகரம் லகரமாகியிருக்கிறது, யகரம் வகரமாகியிருக்கிறது. பதஞ்சலி தம் இலக்கண உரையான மகாபாஷ்யத்தில் இதே கதையை நினைவூட்டும்போது ‘ஹேலயோ’ என்று எழுதுகிறார். அங்கே திரிந்திருப்பது ரகரம் ஒன்றே. போர்க்களத்தில் எதிரியைப் பார்த்து ‘பகைவர்களே’ என்று கூவுவது மிகவும் இயல்பான, இலக்கண அமைதியுள்ள வாக்கியம். தேவர்களுக்கு அது புரியாமலிருக்க வழியில்லை. அந்தக் கூவலைத் திராவிடச் சொல்லாகவும் மேற்காசியச் சொல்லாகவும் படிக்க முயன்றவர்கள் உண்டு. ஆனால் மரபுவழி விளக்கம் ஓர் ஒலி மாற்றத்தோடு முடிந்துவிடும்போது அவ்வளவு தூரம் போகத் தேவை ஏற்படவில்லை.

அந்த ஒலி மாற்றம் யாருடையது என்பதையும் நம்மால் ஓரளவு உறுதியாகச் சொல்ல முடியும். ரகரம் வரவேண்டிய இடத்தில் லகரம் வருவது வட இந்தியக் கிழக்குப் பகுதி வழக்குகளின், குறிப்பாக மகதத்தின், அடையாளம். சதபத பிராமணம் கிழக்கை நன்றாக அறிந்த நூல். சதாநீரை ஆற்றைக் கடந்து விதேக நாட்டுக்குத் தீயையும் வேள்வியையும் கொண்டுசென்ற மாதவன் என்ற அரசன் கதை அதில்தான் வருகிறது. பதின்மூன்றாம் காண்டத்தில் கல்லறைகளைப் பற்றிப் பேசும்போது, தேவர் வழியினர் நாற்கோணமாகவும் ‘அசுர வழியினரான கிழக்கத்தியர்’ வட்டமாகவும் அமைப்பதாக அது சொல்கிறது. ஆக, அசுரர் என்பது இங்கே வானுலகக் கற்பனை மட்டுமல்ல. ஆற்றுக்கு அப்பால் வாழும் அண்டை வீட்டுக்காரர்களின் பெயரும்கூட. இரண்டையும் சேர்த்துப் படித்தால் மிலேச்சம் என்று முதலில் பெயர் பெற்ற பேச்சு வேறொரு மொழிக் குடும்பத்தைச் சேர்ந்ததாகத் தோன்றவில்லை. சொன்னவர்களின் மொழியே, இன்னொரு வட்டாரத்தின் வாயில். பின்னால் நடந்ததை வைத்துப் பார்த்தால் இதில் வேடிக்கையும் இருக்கிறது. கி.மு. 3ஆம் நூற்றாண்டில் அசோகர் தம் ஆணைகளைப் பாறைகளில் வெட்டியபோது, மேற்கே கிர்நாரில் ‘ராஜா’ என்றும், கலிங்கத்துத் தௌலியிலும் சௌகடாவிலும் ‘லாஜா’ என்றும் எழுதப்பட்டது. கயைக்கு அருகே பராபர் மலைக் குகைகளிலும் லகரமே. அசுரர்களைத் தோற்கடித்ததாகச் சொல்லப்பட்ட அதே எழுத்தில், துணைக்கண்டம் அதுவரை காணாத பெரிய பேரரசு தன் அரசனின் பட்டத்தை எழுதியது.

பேரரசு மறைந்த பிறகு அந்த லகரம் மறுபடியும் கீழே இறங்கியது. வடமொழி நாடகங்களில் மாகதிப் பிராகிருதம் கடைநிலைப் பாத்திரங்களுக்கு உரியது. சாகுந்தலத்தில் மோதிரத்தைக் கண்டெடுக்கும் மீனவன் அதைத்தான் பேசுகிறான். மிருச்சகடிகத்தில் அரசனின் மைத்துனனான சகாரன் அதன் ஒரு வகையைப் பேசுகிறான். அவன் பேச்சு ஒலியளவில் மட்டும் பிசகியது அல்ல. இராமாயணத்தையும் பாரதத்தையும் ஒன்றோடொன்று குழப்பி, பொருந்தாத உவமைகளை வாரி இறைப்பவன் அவன். நாடக ஆசிரியன் இங்கே செய்திருப்பதைக் கவனிக்கவேண்டும். திரிந்த ஒலியையும் சிதறிய அறிவையும் ஒரே வாயில் வைத்து, முன்னது பின்னதன் அறிகுறி என்று அவையோரை நம்பவைக்கிறான். அவையோர் சிரிக்கவேண்டுமானால் சகாரன் பேசுவது அவர்களுக்குப் புரியவேண்டும். முற்றிலும் அன்னியமான மொழியில் அவன் பேசியிருந்தால் அங்கே சிரிப்பு இராது, மௌனந்தான் இருக்கும். உளறல் என்ற தீர்ப்புக்குப் புரிதல் ஒரு முன்நிபந்தனை என்பதை இந்த மேடை உத்தி பளிச்சென்று காட்டிவிடுகிறது.

இதற்கு ஒரு வலுவான மறுப்பு உண்டு. வேத மரபு ஒலித்துல்லியத்தின் மேல் கட்டப்பட்டது. ஓர் அசையின் எடுப்பு படுப்பு மாறினாலும் மந்திரத்தின் பயன் தலைகீழாகும் என்று நம்பியது. இந்திரனைக் கொல்ல எழுப்பப்பட்ட விருத்திரன், ‘இந்திரசத்ரு’ என்ற சொல்லின் அழுத்தம் இடம் மாறியதால் தானே அழிந்தான் என்ற கதையைப் பதஞ்சலியும் மகாபாஷ்யத்தின் முதற்பகுதியில் சொல்கிறார். எனவே மிலேச்சம் என்பது மக்களைப் பற்றிய இழிவுரை அல்ல, உச்சரிப்பு ஒழுங்கைப் பற்றிய தொழில்முறை எச்சரிக்கை மட்டுமே என்று வாதிடலாம். பதஞ்சலி இலக்கணம் கற்பதன் பயன்களை அடுக்கும் இடத்தில்தான், நாம் மிலேச்சர் ஆகாதிருக்க இலக்கணம் பயிலவேண்டும் என்கிறார். அவருடைய கவலை வாய்ப்பழக்கத்தைப் பற்றியதே என்பதும் உண்மை. ஆனால் அவரே தரும் இன்னொரு செய்தி இந்த மறுப்பைத் தளர்த்துகிறது. ‘யத் வா ந:, தத் வா ந:’ என்று பிரித்துச் சொல்லவேண்டியதை ‘யர்வாண, தர்வாண’ என்று சேர்த்துக் குழறிய முனிவர்கள் சிலர் இருந்தார்கள். அந்தக் குழறலே அவர்களுக்குப் பெயராக ஒட்டிக்கொண்டது. ஆனாலும் அவர்கள் மெய்யறிந்தவர்கள், வேள்விக்கு வெளியேதான் அப்படிப் பேசினார்கள், ஆகவே குற்றமில்லை என்கிறார் பதஞ்சலி. அசுரர்களோ வேள்வியிலேயே பிசகினார்கள், ஆகவே தோற்றார்கள். சதபதக் கதையில் வேள்வி மந்திரத்தைத் தவறாக ஓதியதாகச் செய்தி இல்லை; கூவல்தான் இருக்கிறது. முனிவருக்குச் சலுகை தரும் பொருட்டு இந்த வேறுபாடு பின்னர் சேர்க்கப்பட்டதாகவே தோன்றுகிறது. ஒரே வகைப் பிசகு ஓரிடத்தில் செல்லப்பெயராகவும் இன்னோரிடத்தில் தோல்வியாகவும் முடிகிறது. நடுவே மாறியிருப்பது பேசியவர் யார் என்பது.

பதஞ்சலியை ஒருதலையாகப் படித்துவிடக்கூடாது என்பதற்கும் சான்று அங்கேயே இருக்கிறது. ‘போதல்’ என்ற பொருளில் காம்போசர் ஒரு வினையை ஆள்கிறார்கள், சௌராட்டிரர் இன்னொன்றை, கிழக்கத்தியரும் மகதரும் வேறொன்றை, ஆரியர் மற்றொன்றை என்று அவர் சாவதானமாகப் பட்டியலிடுகிறார். யாஸ்கரின் நிருக்தத்திலும் காம்போசர் பற்றிய இந்தக் குறிப்பு உண்டு. யாரையும் அவர் அங்கே மிலேச்சர் என்று சொல்வதில்லை. மொழியின் பரப்பு பெரிது, சொல்லை அறியவேண்டுமானால் எல்லா நாட்டு வழக்கையும் பார்க்கவேண்டும் என்பதுதான் அவர் தொனி. ஆக, சொல் வேறுபட்டால் அது வட்டார வழக்கு, பொறுத்துக்கொள்ளலாம். அதே சொல் வேறு ஒலியில் வந்தால் மிலேச்சம். இது என் வாதத்தை மறுப்பதாகத் தோன்றினாலும் உண்மையில் அதைக் கூர்மைப்படுத்துகிறது. வேறு சொல் என்றால் அது அவர்களுடையது என்று விட்டுவிட முடிகிறது. நம் சொல்லையே மாற்றிச் சொன்னால் அதை யாருடையது என்பது? அந்தக் கேள்வி எழும் இடத்தில்தான் உளறல் என்ற பெயர் தேவைப்படுகிறது. இதைவிடப் பழைய சான்றும் ஒன்று உண்டு. பகைவரின் பேச்சைப் பழிக்க ரிக் வேதம் ‘மிருத்ரவாச்’ என்ற சொல்லை ஆள்கிறது. பணிகள், தஸ்யுக்கள் என்ற பகைக் கூட்டத்தாருக்கு அது பொருந்துவதில் வியப்பில்லை. ஆனால் ஏழாம் மண்டலத்தில், பத்து அரசர் போரைப் பாடும் பாடலில், அதே அடைமொழி பூரு குலத்தவன்மேல் விழுகிறது. பூருக்கள் வேதக் குலங்களுள் முதன்மையானவர்கள். அதே மொழியில் அதே தெய்வங்களைப் பாடியவர்கள்.

கிரேக்கச் சான்று எந்தப் பக்கம் நிற்கிறது? ‘பார்பரோஸ்’ என்ற சொல்லின் மூலமாகிய ‘பர் பர்’ ஒலிக்குறிப்பு என்பதில் பெரிய ஐயம் இல்லை. திக்கிப் பேசுவதைக் குறிக்கும் ‘பர்பர’ வடமொழியிலும், திக்குவாயனைக் குறிக்கும் ‘பல்புஸ்’ இலத்தீனிலும் உண்டு. ஓமர் இலியத்தில் ஒரே ஓரிடத்தில், காரியர் என்ற மக்களைப் பற்றி, அவர்களை ‘பர்பரக் குரலினர்’ என்கிறார். புவியியலாளர் ஸ்ட்ராபோ இந்த ஒரு சொல்லுக்காக நீண்ட விளக்கம் எழுதியிருக்கிறார். வாய் குழறி, கரடுமுரடாகப் பேசுவோரைக் குறிக்கவே இச்சொல் முதலில் எழுந்தது என்பது அவர் கருத்து. காரியர் அப்பெயர் பெற்றது ஏன்? அவர்கள் மற்ற எவரையும்விடக் கிரேக்கரோடு கலந்து பழகினார்கள், கிரேக்கம் பேச முயன்றார்கள், அதைத் தவறாகப் பேசினார்கள். கிரேக்கத்தைத் தவறாகப் பேசுவதே ‘பர்பரக் குரல்’. காரிய மொழி பேசுவது அல்ல. அதாவது ஸ்ட்ராபோவின் காரியரும் சதபதத்தின் அசுரரும் ஒரே இடத்தில் நிற்கிறார்கள். ஓமருக்கு ஏழு நூற்றாண்டுகள் பிந்திய ஒருவரின் ஊகத்தை எப்படி நம்புவது என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் அவர் காலத்தில் பார்பரோஸ் என்றால் பொதுவாகக் கிரேக்கர் அல்லாதார் என்ற பொருள் நன்றாக வேரூன்றிவிட்டது. அந்த எளிய பொருளை ஏற்றுக்கொண்டு நகர்ந்திருக்கலாம். அப்படிச் செய்யாமல், சின்ன ஆசியாவில் பிறந்து பல மொழி பேசுவோர் நடுவே வளர்ந்த ஒருவர் இந்த விளக்கத்துக்குப் போனார் என்பதே அதன் மதிப்பு.

முழுக்க அன்னியமான மொழியை மக்கள் என்னவென்று சொன்னார்கள் என்று இதோடு ஒப்பிட்டால் வேறுபாடு தெளிகிறது. தொதோனா என்ற ஊரின் குறிசொல்லும் கோயிலைத் தொடங்கியது எகிப்திலிருந்து வந்த கரும்புறா என்று ஒரு கதை உண்டு. அது புறா அல்ல, எகிப்தியப் பெண்; அவள் மொழி அவ்வூராருக்குப் பறவை ஒலியாகக் கேட்டது; அவள் அவர்கள் மொழி பேசத் தொடங்கியபோது புறா மனிதக் குரலில் பேசியதாகச் சொன்னார்கள் என்று எரோதோத்தஸ் விளக்குகிறார். ஐஸ்கிலசின் நாடகத்தில் வாய் திறவாத கசாந்திராவின் மொழியை அரசி தகைவிலான் குருவியின் ஒலியோடு ஒப்பிடுகிறாள். ஸ்லாவிய மொழிகளில் செருமானியரின் பெயர் ‘ஊமை’ என்ற சொல்லோடு உறவுடையது. தமிழில் முல்லைப்பாட்டு அரசனின் பாசறையை வருணிக்கும் இடத்தில், திரைக்குள் காவல் நிற்கும் மிலேச்சரை நாவால் பேசாமல் உடம்பால் பேசுபவர்களாகக் காட்டுகிறது. அவர்கள் உண்மையில் ஊமையரா, தமிழ் தெரியாதவர்களா என்று இரு வகையாகவும் படிக்கலாம். அந்த இருபொருளே இங்கே நமக்கு வேண்டியது. பறவை, ஊமை, சைகை: இவை யாவும் பேச்சே இல்லை என்ற தீர்ப்பு. உளறல் என்பதோ பேச்சு கெட்டுப்போயிருக்கிறது என்ற தீர்ப்பு. இரண்டும் வேறு. காலப்போக்கில் இவை கலந்துவிட்டன என்பதற்கு முல்லைப்பாட்டே சாட்சி. பிசகிய பேச்சுக்குப் பிறந்த வடசொல் அங்கே பேசாத நாவின்மேல் வந்து உட்கார்ந்திருக்கிறது. அரபியின் ‘அஜம்’ தொடக்கத்திலிருந்தே இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. வாய்பேசா விலங்கும் அதே வேரில் பெயர் பெறுகிறது. தெளிவாகப் பேச வராத அரபியனும் அப்படித்தான். கடைசியில் பாரசீகர் அனைவருக்கும் அதுவே பெயராயிற்று. ஆகவே நான் இழுக்கும் கோடு எல்லா மொழியிலும் நேராக ஓடும் என்று சொல்லமாட்டேன்.

இனி, என் வாதத்துக்கு எதிரான மிகப் பெரிய கருதுகோளுக்கு வரவேண்டும். மிலேச்ச என்பது உளறலைக் குறித்து எழுந்த சொல்லே அல்ல, ஒரு நாட்டின் பெயர் என்பது அது. மெசபொத்தாமிய ஆவணங்களில் ‘மெலுஹா’ என்ற கடல் கடந்த நாடு வருகிறது. கி.மு. 24ஆம் நூற்றாண்டை ஒட்டி ஆண்ட அக்காத் நகரத்துச் சர்கோன், மெலுஹாவின் கப்பல்கள் தன் துறையில் நிற்பதாகப் பெருமை பேசுகிறான். இலகாசு நகரத்துக் குதேயா அங்கிருந்து மரமும் செம்மணியும் பெற்றான். மெலுஹா என்பது சிந்துவெளி என்று ஆய்வாளர்கள் பெரும்பாலும் ஏற்கிறார்கள். பாரிசின் லூவர் அருங்காட்சியகத்தில் உள்ள ஓர் உருளை முத்திரை, சூ-இலிசு என்பவனை மெலுஹா மொழிபெயர்ப்பாளன் என்று குறிக்கிறது. இந்தப் பெயரே பிற்காலத்தில் மிலேச்ச ஆயிற்று என்று 1970களில் அஸ்கோ பர்போலாவும் சிமோ பர்போலாவும் வாதிட்டார்கள். பாலியில் இச்சொல் ‘மிலக்க’, ‘மிலக்கு’ என்று வருவது அவர்களுக்குத் துணை நிற்கிறது. ஒருபுறம் சகரமும் மறுபுறம் ககரமும் வருவதால், அயல் ஒலி ஒன்று இரு வட்டாரங்களில் இரு வகையாக ஏற்கப்பட்டது போலத் தோன்றுகிறது. மெலுஹாவுக்கு அடியில் ‘மேலகம்’ என்ற திராவிடச் சொல், உயர்ந்த நாடு என்ற பொருளில், இருக்கலாம் என்றும் அவர்கள் கருதினார்கள்.

தமிழர் காதுக்கு இனிக்கும் கருதுகோள் என்பதாலேயே இதைக் கூடுதல் கவனத்தோடு எடைபோடவேண்டும். அதற்குச் சாதகமானது ஒலியமைப்பு. பார்பரோஸ் போன்ற ஒலிக்குறிப்புச் சொற்கள் பெரும்பாலும் இரட்டித்து வரும். தமிழின் சலசல, மொணமொண போல. மிலேச்ச அப்படி வரவில்லை. குழறலைப் போலிசெய்து பிறந்த சொல் என்று அதன் முகத்தில் எழுதியிருக்கவில்லை. பாதகமானவை இரண்டு. மெசபொத்தாமியாவுக்கும் சிந்துவெளிக்கும் இருந்த வாணிகத் தொடர்பு கி.மு. 2ஆம் ஆயிரத்தாண்டின் முற்பகுதியில் அற்றுப்போகிறது. சதபத பிராமணம் அதற்கு ஏறத்தாழ ஆயிரம் ஆண்டு பிந்தியது. இடையில் ரிக் வேதம் இச்சொல்லை அறியவில்லை. பிற்கால அசீரியர் மெலுஹா என்ற பெயரை நைல் ஆற்றின் தென்பகுதிக்கு மாற்றிவிட்டார்கள் என்பது, நினைவு எவ்வளவு எளிதில் அறுந்துவிடும் என்பதற்குச் சான்று. இரண்டாவது, இன்னும் முக்கியமானது: நாட்டின் பெயராக இருந்திருந்தால் அச்சொல் முதலில் ஒரு மக்களின் பெயராகவோ திசையின் பெயராகவோ வந்திருக்கவேண்டும். அது வருவதோ பேசும் முறையைக் குறித்து. ஒலி ஒற்றுமையை நான் தள்ளிவிடவில்லை. ஆனால் கருதுகோள் மெய்யென்றே வைத்துக்கொண்டாலும் என் வாதம் கெடவில்லை. சூ-இலிசுவின் காலத்தில் மெலுஹா மொழி முற்றிலும் அன்னியம். ஆகவே அதற்குச் சம்பளம் வாங்கும் மொழிபெயர்ப்பாளன் இருந்தான். யாரும் அதை உளறல் என்றதாகத் தெரியவில்லை. பெயர் உளறல் ஆனது, அம்மக்களின் வழித்தோன்றல்களும் வேத மக்களும் ஒரே நிலத்தில் கலந்து, ஒருவர் மொழியை ஒருவர் அரைகுறையாகப் பேசத் தொடங்கிய பிறகாகத்தான் இருக்கமுடியும்.

மிலேச்சம் என்பதற்கு உளறல் என்று பொருள் எழுதிவைத்த அதே மரபு, அதற்குள் பொருள் உண்டு என்பதை நன்றாக அறிந்திருந்தது. மகாபாரதத்தின் ஆதிபருவத்தில் பாண்டவர் வாரணாவதத்துக்குப் புறப்படும்போது, அரக்கு வீட்டைப் பற்றி விதுரர் தருமனை எச்சரிக்கிறார். ஊரார் சூழ நிற்கையில் சொல்கிறார். தருமனுக்கு மட்டும் புரிகிறது. என்ன சொன்னார் என்று குந்தி பிறகு கேட்கிறாள். பின்னர்ச் சுரங்கம் தோண்ட வந்தவன், தான் விதுரர் அனுப்பிய ஆள்தான் என்பதற்கு அடையாளமாக, புறப்படும்போது விதுரர் உன்னிடம் மிலேச்ச மொழியில் ஏதோ சொன்னார் என்று நினைவூட்டுகிறான். குருகுலத்தின் அமைச்சனும் வாரிசும் மிலேச்சம் அறிந்திருந்தார்கள். அந்தப் பேச்சு ஐந்து உயிர்களையும் தாயையும் காத்தது. வாத்ஸ்யாயனரின் காமசூத்திரம் அறுபத்துநான்கு கலைகளுள் ஒன்றாக ‘மிலேச்சித விகற்பம்’ என்பதைச் சேர்க்கிறது. எழுத்துகளை மாற்றிவைத்து அறிந்தவர் மட்டும் அறியப் பேசவும் எழுதவும் கற்கும் கலை அது. இங்கேயும் அயல்மொழி இல்லை. சொந்த மொழியையே வேண்டுமென்று பிசகச்செய்வதுதான் மிலேச்சிதம். அசுரர் வாயில் தானாக நேர்ந்தது, நாகரிகர் கையில் கலையாகிறது.

இதற்கிடையில் சொல் பேச்சிலிருந்து நழுவி நிலத்துக்கும் மக்களுக்கும் போய்விட்டது. கருமான் இயல்பாகத் திரியும் நிலம் வேள்விக்கு உரியது, அதற்கு அப்பால் மிலேச்ச நாடு என்கிறது மனுநூல். நால்வருணத்துக்கு வெளியே உள்ளவர்கள் மிலேச்ச மொழி பேசினாலும் ஆரிய மொழி பேசினாலும் தஸ்யுக்களே என்றும் அது சொல்கிறது. அதாவது மொழி இனி அளவுகோல் அல்ல. இந்த இடத்தில், பிற்காலத்து மிலேச்சனுக்கும் உளறலுக்கும் தொடர்பே இல்லை, பழைய பொருளைத் தோண்டுவதால் என்ன பயன் என்று ஒருவர் கேட்கக்கூடும். கற்றோர் வழக்கில் தொடர்பு அறுபடவில்லை என்பதே விடை. 6ஆம் நூற்றாண்டின் வராகமிகிரர், யவனர் மிலேச்சரே ஆனாலும் சோதிட நூலறிவு அவர்களிடம் நன்கு நிலைபெற்றிருப்பதால் முனிவரைப் போலப் போற்றப்படுகிறார்கள் என்று எழுதுகிறார். கி.பி. 779இல் மேற்கிந்தியாவின் சாலோரில் உத்யோதனசூரி இயற்றிய குவலயமாலை, சந்தைக்கு வந்த பல நாட்டு வணிகர்களை வரிசையாக நிறுத்தி, ஒவ்வொருவர் மொழியிலிருந்தும் காதில் விழுந்த இரண்டு மூன்று அசைகளை மட்டும் பொறுக்கித் தருகிறது. கேலியும் ஆவலும் சரிபாதி கலந்த காது அது.

ஆனால் இச்சொல்லின் வரலாற்றில் வியப்பான திருப்பம் வேத வாக்கியங்களுக்குப் பொருள் காணும் மீமாம்சகர்களிடம் நிகழ்கிறது. வேதத்தில் சில சொற்கள் வருகின்றன. ஆரியர் வழக்கில் அவற்றுக்குப் பொருள் மறந்துபோய்விட்டது. மிலேச்சர் வழக்கிலோ அவை உயிரோடு இருக்கின்றன. குயிலைக் குறிக்கும் ‘பிக’, பாதியைக் குறிக்கும் ‘நேம’, தாமரையைக் குறிக்கும் ‘தாமரச’, மரப்பாத்திரத்தைக் குறிக்கும் ‘சத’ ஆகியவை, இது பற்றிய மீமாம்ச சூத்திரத்துக்கு உரை எழுதிய சபரர் தரும் எடுத்துக்காட்டுகள். வேர்ச்சொல் ஆராய்ந்து புதுப்பொருள் கற்பிப்பதா, மிலேச்சர் சொல்லும் பொருளை ஏற்பதா? ஏற்பதே முறை என்று முடிவு செய்கிறார் சபரர். பறவைகளைப் பிடிப்பதிலும் வளர்ப்பதிலும் மிலேச்சரே தேர்ந்தவர்கள், ஆகவே அவர்களுக்குத்தான் தெரியும் என்பது அவர் கூறும் காரணங்களுள் ஒன்று. தெளிவற்ற ஒலி எழுப்புபவர்கள் வேதச் சொல்லுக்குப் பொருள் சொல்லும் சான்றோர் ஆகிவிட்டார்கள். ‘தாமரச’ நம் தாமரையை நினைவூட்டுவது தனி ஆராய்ச்சிக்கு உரியது. எனக்கு இங்கே முக்கியமாகப் படுவது ‘நேம’. அது அன்னியச் சொல்லே அல்ல. ஈரானிய மொழிகளில் அதற்கு நேர் உறவு உண்டு. பாரசீகத்தில் இன்றும் ‘நீம்’ என்றால் பாதி. வேதமொழியின் சொந்தப் பழஞ்சொல் வீட்டில் மறக்கப்பட்டு, மிலேச்சர் என்று பெயரிடப்பட்ட அண்டை உறவினர் வாயில் பிழைத்திருந்திருக்கிறது.

இதே சூத்திரத்துக்கு 7ஆம் நூற்றாண்டில் தந்திரவார்த்திகம் எழுதிய குமாரிலபட்டர், ஆரியர் காது மிலேச்ச மொழியை எப்படிக் கெடுக்கிறது என்று காட்டத் திராவிடச் சொற்களை எடுக்கிறார். 19ஆம் நூற்றாண்டில் பர்னெல் இப்பகுதியைக் கவனப்படுத்தினார், கால்டுவெல்லும் குறிப்பிடுகிறார். மெய்யெழுத்தில் முடியும் திராவிடச் சொல்லுக்கு உயிரையும் வேற்றுமை உருபையும் ஒட்டிச் சிலர் வடமொழிப் பொருள் கற்பிக்கிறார்களாம். உணவைக் குறிக்கும் ‘சோர்’ என்பதைச் ‘சோர’ என்றாக்கித் திருடன் என்கிறார்கள். வழியைக் குறிக்கும் ‘அதர்’ என்பதை ‘அதர’ என்றாக்கிக் கடக்க முடியாதது என்கிறார்கள். பாம்பைக் குறிக்கும் ‘பாப்’ அவர்களுக்குப் பாவம் ஆகிறது. வயிற்றைக் குறிக்கும் ‘வைர்’ பகைவன் ஆகிறது. இப்படித் திரித்தால் சொல்லையும் நம்பமுடியாது, பொருளையும் நம்பமுடியாது என்கிறார் குமாரிலர். பழி மிலேச்சர்மேல் விழவில்லை, கேட்டவர்மேல் விழுகிறது. தமிழ் இலக்கணம் அறிந்தவர் இந்தப் பட்டியலில் இன்னொன்றையும் காண்பார். அதர் உண்மையிலேயே மெய்யீறு. சோறு, பாம்பு, வயிறு மூன்றும் குற்றியலுகர ஈறுகள். அரை மாத்திரையே ஒலிக்கும் அந்த உகரம் குமாரிலர் பதிவில் காணாமல் போயிருக்கிறது. பாம்பின் மெல்லொற்றும் கூடவே போய்விட்டது. பிறர் காதுக் குறையைக் கண்டித்தவரின் காதும், அவருக்குச் செய்தி சொன்னவரின் காதும், தொல்காப்பியம் தனி எழுத்தாக வரையறுத்த ஓர் ஒலியைக் கேட்கவில்லை. ஆனாலும் இவை சோறும் பாம்பும் வயிறும்தான் என்று அவருக்குத் தெரிந்திருந்தது; திராவிடம் அவருக்குப் பாதி தெரிந்த மொழி. அதனால்தான் அதில் நிகழும் திரிபைப் பிடிக்க முடிந்தது. திராவிடத்துக்கே இந்தக் கதி என்றால், பாரசீகம், பர்பரம், யவனம், ரோமகம் முதலிய மொழிகளில் இவர்கள் எதை எதுவாக்குவார்களோ என்று அடுத்து அவர் கேட்கிறார். ‘பர்பர்’ என்று பிறரை அழைத்த கிரேக்கரின் மொழியான யவனம் அந்த வரிசையில் பர்பரத்துக்கு அடுத்ததாக நிற்கிறது.